இரண்டு வீட்டுக்கு ஒரு நியூட்ரல்

வாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே அவருக்குப் பின்னால் ஒட்சிசன் மெசினும் வந்து இறங்கியது. பள்ளிவாசலில் சொல்லி இரவலாக எடுத்தது. இடுப்பளவு உயரம் கூட இல்லை. அடியில் நாலு சில்லு, முன்பக்கம் தண்ணீர் குமிழியிடும் ஒரு சின்னப் போத்தல். அறையில் கிடக்கும் காற்றையே உறிஞ்சி, அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, நீண்டதொரு குழாயால் வாப்பாவின் மூக்குக்கு அனுப்பும். நெல் மில்லில் நின்று நின்று தவிட்டுத் தூசியை விழுங்கிய நெஞ்சு அவருடையது. மெசினை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"நான் நெல்லுல உமி எடுத்தன். இது காத்துல உமி எடுக்குது."

எனக்கு அந்த மெசினைக் கண்டதும் இருப்புக் கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தில் மின் தொழில்நுட்பம் படிக்கிறேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை வாட் இழுக்கிறது, பின் மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று நான் குனிந்தபோது உம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"இரவல் சாமான்டி. வாப்பாட மூச்சு அது. கிட்டப் போகாத."

மெசினைத் தொட விடவில்லை என்றதும் எங்கள் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். யாருக்காவது கரண்ட் அடித்தால், அல்லது கரண்ட் எங்காவது கசிந்தால், தானே விழுந்து ஆளைக் காப்பாற்றுகிற ட்ரிப் சுவிட்ச் ஒன்று அதற்குள் இருந்தது. ஆனால் பெயருக்குத்தான் இருந்தது. அதைத் தாண்டி இரண்டு கம்பிகளைப் போட்டு, கரண்டை நேரே வீட்டுக்குள் கடத்தி விட்டிருந்தார்கள். யார், எப்போது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர்ப் போத்தல் வைத்த ஒரு மெசினை இந்தப் பெட்டியை நம்பி இரவு பகலாக ஓட்டுவதா? நான் ஒற்றைக்காலில் நின்றேன். எங்கள் தெரு வயரிங்காரர் வந்தார். புதுப் பெட்டி, புது பிரேக்கர்கள், மண்ணில் இறக்கிய செம்புக் கம்பி, நல்லதொரு ட்ரிப் சுவிட்ச். வேலையை முடித்துக் கையலம்பிய மனிதர் அந்தக் கிழமையே கட்டாருக்குப் பறந்துவிட்டார். விசா வந்திருந்ததாம். நல்ல மனிதர், அவர் செய்த வேலையில் இன்றுவரை ஒரு குறையும் நான் காணவில்லை.

புதுப் பெட்டி போட்ட அன்று, அந்திநேரத் தொழுகையான மஹ்ரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். எங்கள் வீடு இருண்டது. மெசின் கூவியது.

கரண்ட் நின்றால் அது நீளமாக ஒரு கூவல் கூவும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நித்திரையில் கிடக்கிற பூனை கூட எழும்பி ஓடும். உம்மா, ஆபத்துக்கென்று வைத்திருந்த சின்னச் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினார். நான் பெட்டியடிக்கு ஓடி ட்ரிப் சுவிட்சைத் தூக்கினேன். டக்கென்று விழுந்தது. மறுபடியும் தூக்கினேன், விழுந்தது. கூவல் கேட்டு என் மூத்த சகோதரி ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டபடி பக்கக் கதவால் ஓடி வந்தாள். அவள் உள்ளே வந்த பிறகு தூக்கினேன். நின்றுவிட்டது.

"என்ட மூத்தவள் கால் வெச்சாத்தான் கரண்டும் நிக்குது" என்றார் உம்மா, வாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே.

ராத்தா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். படித்தவள் நீ தூக்கி நிற்காதது, நான் வந்ததும் நின்றுவிட்டது பார்த்தாயா என்று அதற்குப் பொருள்.

ராத்தா தூரத்திலிருந்து ஓடி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தாள். எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைகளுக்கு உரியது. கலியாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணின் பெயருக்குப் போகும். இரண்டு மகள்மார் இருந்தும் வாப்பாவால் கட்ட முடிந்தது ஒரே ஒரு வீடு. ஆகவே ராத்தாவுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் வீட்டின் நடுவால் ஒரு சுவர் எழும்பியது. தெருப்பக்கப் பாதி அவளுக்கு; பின்பாதி எனக்கு. என் பாதியில் உம்மாவும் வாப்பாவும் நானும். பழைய மீட்டரும் பீங்கான் பியூஸ் போட்ட பழைய பெட்டியும் ராத்தாவின் பக்கம் நின்றுகொண்டன. எங்கள் பக்கத்துக்கு வேறு மீட்டர், வேறு பெட்டி. கிணற்றுக்குப் போகும் நடையும், அதில் நாங்கள் எல்லாரும் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்து வந்த குழாயடியும் ராத்தாவின் பங்கில் போயின. போக வர ஒரு பக்கக் கதவு வைத்தோம். அது பூட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

அன்று இரவுத் தொழுகையான இஷாவுக்கும் மெசின் கூவியது. மறுநாள் விடியற்காலைச் சுபஹுக்கும் கூவியது. பாங்கு தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் ட்ரிப் விழும். எத்தனை தரம் தூக்கினாலும் நிற்காது. ராத்தா ஓடி வந்த பிறகு நிற்கும்.

உம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பள்ளி மைக்குத்தான். அந்தப் பெரிய மைக்கப் போட்டா நம்மட கரண்ட இழுக்குது."

"மைக்கு அவ்வளவு இழுக்காது உம்மா."

"நீ படிச்சது கெம்பஸ் கரண்ட். இது நம்மட ஊர்க் கரண்ட்."

வாப்பா கட்டிலில் சாய்ந்தபடி, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை எடுத்து எடுத்துச் சொன்னார்: "பள்ளியில எடுத்த மெசின்தானே. பாங்கு கேட்டா... அதுவும் தொழப் போகுது போல."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே குறுகுறுவென்று இருந்தது. என் சோதனை மீட்டரை எடுத்து வைத்துக்கொண்டு பாங்கு நேரத்தில் மின்னழுத்தத்தைப் பார்த்தேன். மைக் போட்டபோது ஊசி முனையளவும் குறையவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். பகல் தொழுகைகளான லுஹருக்கும் அசருக்கும் ட்ரிப் விழவே இல்லை. அதே பள்ளி, அதே மைக், பாங்கு சொல்லும் அதே முஅத்தின்.

உம்மாவிடம் சொன்னேன்.

"லுஹருக்கு மைக்க மெதுவாத்தான் போடுறாங்க" என்றார் உம்மா. அந்த வழக்கு அத்தோடு தள்ளுபடியானது.

இந்தச் சுவிட்ச் அப்படி எதைப் பார்த்துத்தான் விழுகிறது என்று வாப்பா கேட்டார். யாராவது கேட்டால் போதும், நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

"உம்மா நம்மளக் கடற்கரைக்கு அனுப்பினது ஞாபகமா வாப்பா? வாசல்ல நிண்டு எண்ணித்தான் அனுப்புவா. திரும்பி வரக்குள்ளயும் எண்ணுவா. இதுவும் அப்பிடித்தான். சிவப்பு வயரால கரண்ட் வீட்டுக்குள்ள போகும், கறுப்பு வயரால திரும்பி வரும். போனதும் வந்ததும் சரியா இருந்தாச் சத்தம் போடாது. ஒண்டு குறைஞ்சா விழுந்திடும், எங்கயோ ஆருக்கோ அடிக்குது எண்டு."

"கூடினா?"

"என்ன?"

"ஒரு புள்ள கூட வந்தா?"

கூடுதலாக வருவதைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. குறைவதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜைக் கழற்றினேன், அயன் பெட்டியை, சலவை மெசினை, சோற்றுக் குக்கரை எல்லாம் கழற்றினேன். ஒவ்வொன்றாகக் கழற்றியும் ட்ரிப் தன் நேரம் தவறாமல் விழுந்தது. கசிவது எது என்று தேடி வீட்டையே கவிழ்த்துவிட்டேன். உம்மா என் பின்னாலேயே வந்து ஒவ்வொரு பிளக்காகத் திரும்பக் கொழுவினார்.

வாப்பா கேட்ட கேள்விக்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை. அன்று மஹ்ரிபுக்குக் கொஞ்சம் முன்னமே வாப்பாவைச் சிலிண்டருக்கு மாற்றினோம். எங்கள் பெட்டியில் எல்லா பிரேக்கர்களையும் கீழே தள்ளினேன். சிவப்பு வயர்கள் அத்தனையும் செத்துப் போயின. வீட்டுக்குள் ஒரு பல்ப் இல்லை, ஒரு பேன் இல்லை. ட்ரிப் சுவிட்ச் மாத்திரம் மேலே நின்றது. எங்கள் வாசலால் ஒரு பிள்ளையும் வெளியே போகவில்லை என்று அர்த்தம்.

பாங்கு. சற்று நேரம். டக்.

இருட்டில் நின்று கத்தினேன்: "வாப்பா! வேற ஆரோட புள்ளையோ நம்மட வாசலால வருகுது!"

"அப்ப... ஊட்டுக்காரரத் தேடு" என்றார் வாப்பா.

சிவப்பு வயர்களை பிரேக்கர் வெட்டும். கறுப்பு வயர்களை, அதாவது நியூட்ரலை, வெட்டாது. எங்களுடையதல்லாத ஏதோ ஒரு கரண்ட் எங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது. மேற்கொண்டு நான் தேடத் தொடங்குமுன் மறுநாள் சுபஹு வந்துவிட்டது.

மெசின் கூவியபோது உம்மா ஒளு எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தார். சிலிண்டரைத் திறக்கிற சாவி கட்டிலுக்கடியில் எங்கேயோ உருண்டு போயிருந்தது. நான் தரையில் கையால் துழாவிக்கொண்டிருக்க, மேலே வாப்பாவின் மூச்சு விசில் மாதிரி இழுத்தது. சாவி அகப்பட்டு, சிலிண்டர் திறந்து, குழாய் மாறி, அவர் முகத்தில் நிறம் திரும்பிய பிறகுதான் உதடு எவ்வளவு கறுத்திருந்தது என்று எங்களுக்கு விளங்கியது. உம்மா ஈரக் கையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விடிந்ததும் மச்சானைக் கூப்பிட்டார். ராத்தாவின் கணவர் கல்முனையில் ஓட்டோ ஓட்டுகிறவர். பெட்டரி, ஹோர்ன் என்று ஓட்டோவில் எல்லாம் அவரே பார்ப்பதால் எங்கள் வீட்டில் அவரும் ஒரு கரண்ட்காரர்.

"மருமகன், இந்தச் சுவிட்சத் தாண்டி ஒரு வயரப் போட்டு உடுங்க. இது வர முந்தி எங்களுக்கு ஒரு கரைச்சலும் இருக்கல்ல."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"மச்சான், செஞ்சிராதீங்க" என்றேன்.

"வாப்பாட மூச்சா, உன்ட சுவிட்சா?" என்றார் உம்மா. "ரெண்டுல ஒண்டச் செல்லு."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தச் சுவிட்சும் வாப்பாவுக்காகத்தான். நியூட்ரலில் யாருடையதோ கரண்ட் ஓடும் வீட்டில், அதன் காவலையும் எடுத்துவிட்டால், அடுத்த முறை கை வைக்கிறவர் யாராக இருந்தாலும் போய்விடுவார். ஆனால் அன்று விடியற்காலை அந்தக் கறுத்த உதட்டைப் பார்த்த உம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மச்சான்தான் வழி சொன்னார்.

"மாமி, நான் இப்ப ஹயர் ஓட்டம் ஒண்டுக்குப் போறன். மஹ்ரிபுக்கு முந்தி வருவன். அதுக்குள்ள இவ கண்டுபுடிச்சாச் சரி. இல்லாட்டி நான் வயரப் போட்டுடுறன். சரியா மச்சி?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த நாளில் எனக்குக் கிடைத்த முதல் உதவி மதிலுக்கு மேலால் வந்தது. பக்கத்து வீட்டு மாமி, நாங்கள் கேட்டு வாய் மூடுமுன் தன் வீட்டு பிளக்கிலிருந்து ஒரு நீள வயரை எறிந்துவிட்டார். "புள்ள, இது புதுசு, அயனுக்கு வாங்கின. பயப்புடாமக் கொழுவு. நீ முடிக்கும் மட்டும் நான் இந்த பிளக்கடியில இருந்து மீன் வெட்டுறன், ஒருத்தரும் கழட்டாம." வாப்பாவின் மெசின் அவர் வீட்டுக் கரண்டில் குமிழியிடத் தொடங்கியது. எங்கள் கரண்டை இனி நான் எத்தனை தரமும் விழுத்தலாம்.

இரண்டாவது, ராத்தா. பக்கக் கதவால் போய் அவளிடம் சொன்னேன்: உன் வீட்டில் எல்லாவற்றையும் நிற்பாட்டு, பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போடு, போடும்போது பேரைச் சொல்லிக் கத்து, நான் பெட்டியடியில் நிற்கிறேன்.

"என்ட ஊட்டுச் சுவிட்சுக்கும் உங்கட கரண்டுக்கும் என்னடி?"

"அதத்தான் கேக்கப் போறம்."

சிரித்துக்கொண்டே தொடங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"ஹோல் லைட்டு!"

"நிக்குது!"

"ஹோல் பேன்!"

"நிக்குது!"

"எங்கட ரூம் லைட்டு! ... குசினி லைட்டு! ... கிரைண்டர்! கிரைண்டருக்குள்ள ஒண்டும் இல்ல, சும்மா சுத்துது!"

"நிக்குது! கிரைண்டர நிப்பாட்டு!"

மதிலுக்கப்பாலிருந்து பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "என்ன புள்ளைகள், ஊட்ட ஏலம் போடுறீங்களா?"

ராத்தாவின் சிரிப்பு நடைப்பக்கம் நகர்ந்தது. "குழாயடி லைட்டு!" என்றாள்.

டக்.

நான் தூக்கினேன். விழுந்தது. "அத நிப்பாட்டு!" என்றேன். தூக்கினேன். நின்றது. "போடு!" டக். எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. துள்ளியும்விட்டேன். அந்த நடைக்கு யன்னல் கிடையாது. பகலில் கிணற்றுப் பக்க வெளிச்சம் போதும். லுஹருக்கும் அசருக்கும் யாரும் லைட் போட மாட்டார்கள். சுபஹுக்கும் மஹ்ரிபுக்கும் இஷாவுக்கும் போட்டேயாக வேண்டும். பாங்கு கேட்டதும் ராத்தா ஒளு எடுக்கப் போவாள், லைட்டைப் போடுவாள், எங்கள் ட்ரிப் விழும். மெசின் கூவும். அவள் குழாயையும் மூடி, சிறுவயதுப் பழக்கத்தில் லைட்டையும் நிற்பாட்டிவிட்டு எங்களிடம் ஓடி வருவாள். அதனால்தான் அவள் வந்த பிறகு நின்றது!

ஓடிப் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவளிடம் கொட்டினேன். கொட்டி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இந்த பல்ப் போடப் போட கண்ணடிச்சிட்டு அணையும்" என்றாள் மெதுவாக. "ஹோல்டர் பழுது எண்டுதான் நெனச்சன். உன்ட மச்சானுட்டயும் சென்னன், மாத்தித் தாங்க எண்டு." குழாயடிச் சீமெந்துத் திண்டில் உட்கார்ந்தாள். "அப்ப நானா? விடியச்சாமம் வாப்பாக்கு அப்பிடியானதும்... நான் போட்ட லைட்டா?"

"நீ இல்ல ராத்தா. வயர்."

"என்ட கைதானே போட்டிச்சி."

எங்கள் பேச்சு சுவரைத் தாண்டி வாப்பாவின் கட்டிலுக்கும் கேட்டிருக்கிறது. அவர் அங்கிருந்தே கூப்பிட்டார், நின்று நின்று:

"மகள்... ஒவ்வொரு நாளும்... ஓடி வந்த கால் ஆர்ட?"

ராத்தா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "ஏணிய நான் புடிக்கன். ஏறு" என்றாள்.

வாப்பாவின் அறையில், நடைச்சுவரை ஒட்டிய மேல் மூலையில், வயர்கள் சந்திக்கும் ஒரு பழைய வட்டப் பெட்டி இருந்தது. எங்கள் மெயினை இறக்கிவிட்டு ஏறினேன். மூடியைத் திறந்தேன். தூசியும் பல்லி முட்டைத் தோடும் கொட்டின. கீழே வாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "எனக்குக் காணும்டி தூசி" என்றார். சிவப்பு வயர்களில் டெஸ்டரை வைத்தேன், வெளிச்சம் இல்லை. கறுப்பு வயர்கள் நாலைந்தை ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று மட்டும் சுவரைத் துளைத்து நடைப்பக்கம் போனது. குழாயடி லைட்டின் நியூட்ரல். ராத்தாவின் பெட்டியிலிருந்து சிவப்பால் புறப்பட்டு, எங்கள் கறுப்பால் வீடு திரும்பும் பிள்ளை!

வீடு ஒன்றாக இருந்த காலத்தில் அதைப் போட்டவர் செய்தது பிழையே அல்ல. பக்கத்தில் இருந்த பெட்டியில் நியூட்ரலை எடுத்திருக்கிறார். ஒரு வீடு, ஒரு மீட்டர், யாருக்கு என்ன நட்டம்? வீட்டைப் பிரித்தபோதுதான் பிசகியிருக்கிறது. சிவப்பு வயர்களை எல்லாம் ராத்தாவுக்கு இது, தங்கச்சிக்கு இது என்று ஒழுங்காகப் பிரித்தவர்கள், கறுப்பைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். அன்று எங்கள் பக்கத்துக்கு வைத்த பெட்டியின் ட்ரிப் அப்போதே விழுந்து விழுந்து சொல்லியிருக்கும். கலியாண வீட்டு அவசரத்தில் அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். அந்த இரண்டு கம்பியும் எதற்கு என்பது இப்போது விளங்கியது.

டேப்பை உரித்து, முறுக்கைக் குறட்டால் பிரித்து, அந்த ஒற்றை வயரை விரலால் பிடித்து இழுத்தேன். தனியே வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ராத்தாவின் ஃபிரிட்ஜ் சத்தம் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜ்.

"உன்ட பக்கம் கரண்ட் இல்லையா?"

"மெயின இறக்கிட்டன்."

"நான் சொல்லல்லயே."

"நீ ஏணியில நிக்கிற" என்றாள் ராத்தா, ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்து. "என்ட பக்கம் கரண்ட வெச்சிட்டு நான் எப்பிடிக் கீழ நிண்டு பாத்திட்டிரிக்கிற?"

குழாயடி லைட்டின் சுவிட்ச் போட்டபடியே கிடந்தது. நான் "போடு" என்றதற்குப் போட்டவள், அழுததில் நிற்பாட்ட மறந்திருந்தாள். அவள் மெயினை இறக்கியிராவிட்டால், அவள் வீட்டுக் கரண்ட் பல்ப் வழியாக வந்து, என் விரலில் இருந்த அந்தக் கறுப்பு நுனியில் நின்றிருக்கும். போக வேறு வழியில்லாமல். நான் எங்கள் மெயினை இறக்கினேன், சிவப்பைச் சோதித்தேன், எல்லாம் சரியாகத்தான் செய்தேன்; கறுப்பைச் சோதிக்கவில்லை. விழுந்து என்னைக் காப்பாற்ற ட்ரிப் சுவிட்சும் இல்லை. அவள் பக்கம் அது கிடையவே கிடையாது. அந்த நுனியை விட்டுவிட்டு ஏணியின் மேல் படியில் உட்கார்ந்தேன்.

"என்னடி?"

"ஒண்டுமில்ல. அல்ஹம்துலில்லாஹ்."

"எறங்கித் தண்ணி குடிச்சிட்டு ஏறு" என்றாள். என்ன நடக்காமல் போயிற்று என்பதை அவளுக்கு அன்று நான் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் சொன்னபோது தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மச்சான் அசருக்குப் பிறகு வந்தார். கேட்காமலேயே கையில் ஒரு துண்டு வயர் வைத்திருந்தார், ட்ரிப்பைத் தாண்டிப் போட. நான் அதை வாங்கிப் பார்த்தேன். நீளம் போதாது. "மச்சான், இதே மாதிரி நீளமா ஒண்டு வேணும், கேசிங்கும் வேணும்" என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டோவைத் திருப்பிக் கல்முனைக்கே விட்டார். திரும்பி வந்து, வேர்த்த சட்டையோடு ராத்தாவின் நடை நீளத்துக்கும் வயரை மூடும் பிளாஸ்டிக் கேசிங்கை அடித்தார். அவருடைய ஆணிகள் நேராக ஏறின, என்னுடையவை ஏறவில்லை. குழாயடி லைட்டுக்கு ராத்தாவின் பெட்டியிலிருந்தே ஒரு நியூட்ரல் போனது. சிவப்பு எங்கிருந்து போகிறதோ, கறுப்பும் அங்கேயே திரும்பியது. எங்கள் வட்டப் பெட்டிக்குள் இருந்த பழைய நுனியை மூடிக் கட்டினேன்.

மஹ்ரிபுக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. பக்கத்து வீட்டு மாமியின் வயரைச் சுருட்டி மதிலுக்கு மேலால் கொடுத்தோம். உம்மா இந்த முறை சிலிண்டர்ச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மெசினை எங்கள் பிளக்கில் கொழுவினேன். போத்தலில் குமிழிகள் ஏறின. நான் பெட்டியடிக்குப் போகவில்லை. அறை வாசலில் நின்றேன். மச்சான் நடையில் நின்றார். பாங்கு தொடங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"என்ன, போடல்லையா?" என்று கேட்டேன்.

"போட ஏலாது" என்றது ராத்தாவின் குரல். "நீ வந்து போடு. இல்லாட்டி இவர் போடட்டும். நான் இருட்டுலயே ஒளு எடுக்கன்."

மச்சான், "நானே போடுறன், தள்ளு" என்று சொல்வது கேட்டது. உம்மா கையைத் தூக்கி என்னைத் தடுத்தார். குரலை உயர்த்தி மச்சானையும் தடுத்தார்.

"மருமகன், உடுங்க. அவள் போடட்டும்." பிறகு, வேறொரு குரலில்: "என்ட மூத்தவளே. போடு. நான் சிலிண்டர்த் திறப்பப் புடிச்சிட்டுத்தான் இரிக்கன்."

அப்போதும் லைட் எரியவில்லை. வாப்பா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பினார். ஒரு மூச்சு எடுத்தார். இன்னொன்று எடுத்தார். அவரால் முடிந்த அளவுக்கு உரத்துக் கூப்பிட்டார்.

"போடு மகள். நான் மூச்சு உட்டுட்டுத்தான் இரிக்கன்."

சுவிட்சின் சத்தம் கேட்டது. பக்கக் கதவின் இடுக்கால் மஞ்சள் வெளிச்சம் எங்கள் தரையில் விழுந்து, அணையாமல் அப்படியே கிடந்தது. ட்ரிப் விழவில்லை. போத்தலில் குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன. உம்மாவின் கையிலிருந்த சாவி மடியில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ராத்தா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இனி ஒளு எடு புள்ள" என்றார் வாப்பா. "நேரம் போகுது."

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.